இழுவை எங்கே இருக்கிறது? சின்ன டிராக்டரும் கியர் மாற்றமும்

“இஞ்சின் நின்னுச்சுங்களா, டயரு சுத்துச்சுங்களா?”

உடுமலைப்பேட்டையில் பழனி சாலையோரம் உள்ள ஒரு டிராக்டர் பட்டறையில் மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி இது. எதிரே நின்றவர் தென்னந்தோப்புக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். 18 எச்.பி. சின்ன டிராக்டர் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. தோப்புக்குள் ஓட்ட அருமையான வண்டி. ஆனால் டிரெய்லரில் தேங்காய் ஏற்றிக்கொண்டு பரம்பிக்குளம்–ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் பாலத்து ஏற்றத்தைத் தொட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. “இழுவை பத்தலீங்க தம்பி. முன்னாடி இன்னொரு கியர்பாக்ஸ் வெச்சுக் குடுங்க, இல்லாட்டிப் பல்லை மாத்திப் போட்டுக் குடுங்க. செலவு ஆனா ஆகட்டும்” என்றார்.

மெக்கானிக்கின் கேள்விக்கு அவர் சற்று யோசித்தார். “இஞ்சின் நல்லாத்தானுங்க உறுமுது. டயருதான் நின்ன எடத்துல சுத்தி மண்ணை வாரி அடிக்குது.”

“அப்பக் கியரை மாத்தி என்னங்கண்ணா ஆகப்போவுது?”

அந்த ஒற்றைக் கேள்விக்குள் இந்த விஷயம் முழுவதும் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். சுமையோடு போகும்போது இஞ்சின் மூச்சுத் திணறி அணைந்தால் குறை இஞ்சினிலோ கியரிலோ இருக்கிறது. இஞ்சின் சத்தம் குறையாமல் டயர் மட்டும் சுற்றினால் குறை டயருக்கும் மண்ணுக்கும் நடுவே இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. இரண்டாவது நோய்க்கு முதல் மருந்தைக் கொடுத்து, ஒரு லட்சத்துக்குப் பக்கமாகச் செலவு செய்துவிட்டு, ஆறு மாதத்தில் கிரவுன் பினியன் பல் உடைந்து வந்து நிற்பவர்களை இந்தப் பட்டறைகள் நன்றாக அறியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். எந்தக் கம்பெனி வண்டி என்று பார்க்க வேண்டாம், 18 எச்.பி., நிமிடத்துக்கு 2700 சுற்று, பின்சக்கரத்தின் ஆரம் 40 சென்டிமீட்டர், ஓட்டுபவரையும் சேர்த்து 850 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட இஞ்சினின் முறுக்கு விசை ஏறத்தாழ 5 கிலோ. அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டால் அச்சில் எவ்வளவு முறுக்கு விழுமோ அவ்வளவு. ஒரு கையால் தூக்கக்கூடிய எடைதான் அது. இதைக் கியர்பாக்ஸ் ஒரு பங்கு பெருக்குகிறது, ஹை–லோ லீவர் இன்னொரு பங்கு, கிரவுனும் பினியனும் இன்னொரு பங்கு, சக்கரத்துக்கு அருகில் உள்ள கடைசிப் பல்சக்கரம் இன்னொரு பங்கு. லோ முதல் கியரில் எல்லாம் சேர்ந்து 200 மடங்கு என்று வையுங்கள். வண்டி மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும். பல்லுக்குப் பல் உராய்வில் தேய்ந்து போவதைக் கழித்தாலும், டயரின் விளிம்பில் 2000 கிலோவுக்குக் குறையாத இழுவிசை நிற்கும்.

850 கிலோ வண்டிக்கு 2000 கிலோ இழுவிசை. அதை மண்ணில் ஊன்றி நிற்க வைக்க ஆள் வேண்டுமே! வண்டியின் எடையில் பின்சக்கரத்தின் மேல் விழுவது 60 சதவீதம், சுமார் 510 கிலோ. இழுக்கும்போது முன்பக்கம் லேசாகி இன்னும் கொஞ்சம் எடை பின்னால் ஏறும். அதையும் சேர்த்து, உழுத பொலபொலப்பான மண்ணில் டயர் பிடித்து இழுக்கக்கூடியது 300 கிலோ அளவு. கெட்டித் தரையில் 440 கிலோ வரை. அதற்கு மேல் சறுக்கல்தான். லோ கியரில் இஞ்சினிடம் இருப்பதில் நாலில் ஒரு பங்கைக் கூட மண் ஏற்றுக்கொள்வதில்லை. இந்த நிலையில் கியரை இன்னும் பாதியாக்கினால் காகிதத்தில் 4000 கிலோ ஆகும். நிலத்தில் என்ன மாறும்? முன்பு வேகமாகச் சறுக்கிய டயர் இனி மெதுவாகச் சறுக்கும்.

ஹை கியரில் கதை வேறு. மணிக்கு 20 கிலோமீட்டர் போகும் கியரில் அதே இஞ்சினால் 200 கிலோதான் இழுக்க முடியும். அங்கே டயர் பிடிக்கும், இஞ்சின் அணையும். அதற்கு வண்டியிலேயே வைத்தியம் இருக்கிறது: கீழ்க் கியருக்கு இறங்குவது.

இந்தக் கணக்கு கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. மோட்டார் வருவதற்கு முன்பு கிணற்றுத் தண்ணீரைக் கவலை கட்டி இறைத்தோம். தெற்கே அதைக் கமலை என்பார்கள். காளைகள் கிணற்றிலிருந்து விலகிப் போகும் பாதையை மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சரிவாக வெட்டியிருப்பார்கள். சால் நிறைந்து மேலே வரும்போது காளைகள் கீழே இறங்கும். அவற்றின் உடல் எடையே இழுவைக்குத் துணை நிற்கும். ஓட்டுபவர் அதோடு விடமாட்டார்; வடக்கயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்து தன் எடையையும் சேர்ப்பார். காங்கேயம் காளையின் திமிலையும் தொடையையும் பார்த்து விலை பேசிய அதே சமூகம், அந்தக் காளைக்கும் சரிவும் எடையும் வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தது. டிராக்டர் வந்ததும் எச்.பி. என்ற ஒற்றை எண்ணில் மயங்கி அதை மறந்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சரி, எடையைக் கூட்டினால் போதுமா? அது எந்த மண் என்பதைப் பொறுத்தது. உடுமலைச் சுற்றுவட்டாரம் இதைப் படிப்பதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. ஒரு பக்கம் கல் கலந்த செம்மண். குடிமங்கலம், பெதப்பம்பட்டிப் பக்கம் போனால் கரிசல். அமராவதிப் பாசனத்தில் மடத்துக்குளம் பக்கம் நெல் வயல் சேறு. 1770-களில் பிரெஞ்சுப் பொறியாளர் கூலோம் மண் எப்போது வழுக்கி நகரும் என்பதற்கு ஒரு சூத்திரம் சொன்னார். மண்ணின் பிடிமானம் இரண்டு வகை. ஒன்று துகளுக்குத் துகள் உரசுவதால் வருவது. மேலே எடை கூடக் கூட இதுவும் கூடும். மற்றது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வருவது. இதற்கு எடை பொருட்டல்ல, எவ்வளவு பரப்பில் மிதிக்கிறோம் என்பதே கணக்கு. செம்மண்ணிலும் மணற்பாங்கிலும் முதல் வகை ஓங்கி நிற்கும். ஈரக் கரிசலில் இரண்டாவது வகைதான் எல்லாம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பெக்கர் என்ற போலந்துக்காரர் இந்த அடிப்படையை எடுத்து வண்டிச் சக்கரங்களுக்கென்றே ஒரு சாத்திரத்தை வளர்த்தார். நிலாவில் ஓடிய அமெரிக்க வண்டியின் சக்கர வேலையிலும் அவர் கை உண்டு.

ஆகவே செம்மண் காட்டுக்காரர் பின்சக்கரத்தில் இரும்புத் தட்டு மாட்டினால் பலன் உண்டு. நம் கணக்கு வண்டியில் பின்னச்சில் 100 கிலோ ஏற்றினால் 50, 60 கிலோ இழுவை கூடும். இதைவிட மலிவான வழி டியூபுக்குள் தண்ணீர் நிரப்புவது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வை மேலே வைத்து, முக்கால் பாகம் தண்ணீரும் மீதி காற்றுமாக நிரப்புவார்கள். 13.6-28 அளவுள்ள பெரிய டயர் ஒன்று 150 லிட்டருக்கு மேல் குடிக்கும். சின்ன டயருக்கு அதில் பாதிக்கும் குறைவு. குளிர் நாட்டுக்காரர்கள் தண்ணீர் உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கலக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

கரிசல்காரர் அதே எடையை ஏற்றி ஈரத்தில் இறங்கினால் வண்டி இன்னும் ஆழமாகப் புதையும். அவருக்கு வேண்டியது அகலமான டயர், டயரில் காற்றைக் குறைத்துத் தடத்தைப் பரப்புவது, சேற்று வயலென்றால் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம். ரோட்டுக்கு ஏற்றிய காற்றோடு வயலில் இறங்குவது நம்மிடம் பரவலான பழக்கம். வயலுக்கென்று டயர்க் கம்பெனி குறித்திருக்கும் அளவுக்குக் காற்றை இறக்கினாலே டயர் தரையில் பரந்து உட்காரும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

செலவில்லாத இன்னொன்று வலது குதிகாலுக்குக் கீழே இருக்கும் டிஃபரன்ஷியல் லாக். ஒரு சக்கரம் சறுக்கினால் அந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு சொற்ப விசை போதுமோ அதே அளவுதான் மறு சக்கரத்துக்கும் போகும். டிஃபரன்ஷியலின் இயல்பு அது. பெடலை மிதித்தால் இரண்டும் சேர்ந்து சுற்றும். திருப்பத்தில் மட்டும் காலை எடுத்துவிட வேண்டும். பெடல் துருப்பிடித்து அசையாமல் கிடக்கும் வண்டிகளை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

சறுக்கலை அளக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பின்டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு டயர் பத்துச் சுற்றுச் சுற்றும் தூரத்தைக் காலடியால் அளங்கள். நம் வண்டிக்கு 25 மீட்டர் வரும். கலப்பையை இறக்கி, அதே மண்ணில், அதே பத்துச் சுற்று. இப்போது 22 மீட்டர் வந்தால் சறுக்கல் 12 சதவீதம். அது நல்ல வேலை. 18 மீட்டர்தான் வந்தால் நூறு ரூபாய் டீசலில் 28 ரூபாய் டயர் ரப்பரைத் தேய்க்கப் போகிறது. சறுக்கல் அறவே இல்லை என்றாலும் மகிழ வேண்டாம். தேவைக்கு மேல் எடை சுமந்து மண்ணை மிதித்து இறுக்குகிறீர்கள் என்று பொருள். மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் உள்ள மத்திய அரசின் சோதனை நிலையம் டிராக்டர்களின் அதிகபட்ச இழுவையை 15 சதவீதச் சறுக்கலை எல்லையாக வைத்தே அளக்கிறது. எடை ஏற்றியும் ஏற்றாமலும் தனித்தனியாக இழுவையைப் பதிவு செய்கிறார்கள். வண்டி வாங்கப் போகிறவர் எச்.பி.யைக் கேட்பதைவிட அந்த இழுவை எண்ணைக் கேட்கலாம்.

சின்ன டிராக்டரைப் பெரிய டிராக்டர் போல இழுக்க வைப்பதில் உலகத்தில் நடந்த மிகப் பெரிய வெற்றிக்கும் கியருக்கும் தொடர்பில்லை. அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் முதல் உலகப் போர்க் காலத்தில் டிராக்டர் உழவைச் சீர்படுத்தும் வேலையில் இறங்கினார். அன்றைய டிராக்டர்கள் கலப்பையைச் சங்கிலி போட்டு இழுத்தன. இழுவை வேண்டுமென்றால் வண்டியே கனமாக இருக்க வேண்டும். கலப்பை பாறையில் சிக்கினால் லேசான வண்டி முன்னால் எழும்பிப் பின்பக்கமாக மல்லாந்தது. ஃபெர்குசன் கலப்பையை மூன்று கைகளால் டிராக்டரோடு சேர்த்துக் கட்டினார். 1920-களில் அதற்கு ஹைட்ராலிக் மூளையையும் வைத்தார். மண் இறுகினால் மேல்கை அழுத்தப்படும். அந்த அழுத்தமே ஹைட்ராலிக்குக்குச் செய்தி. அது கலப்பையைக் கொஞ்சம் தூக்கப் பார்க்கும். அப்படித் தூக்கும்போது கலப்பையின் எடையும், அதைக் கீழே பிடித்து இழுக்கும் மண்ணின் விசையும் பின்சக்கரத்தின் மேல் ஏறிவிடும். எப்போது அதிக இழுவை தேவையோ அப்போது மட்டும் எடை கூடுகிறது. வடக்கயிற்றில் ஏறி உட்கார்ந்த கவலைக்காரரை இரும்பில் செய்தது போல! 1936-இல் விற்பனைக்கு வந்த அவருடைய வண்டியும், 1939-இல் ஃபோர்டோடு சேர்ந்து செய்த வண்டியும் லேசான வண்டிகளே. அந்த வம்சம்தான் 1960-களில் சென்னை டாஃபே நிறுவனம் வழியாக மாஸி ஃபெர்குசனாக நம் காடுகளுக்கு வந்தது.

இன்று அநேகமாக எல்லா டிராக்டரிலும் இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராலிக் லீவர்கள் உண்டு. ஒன்று பொசிஷன், மற்றது டிராஃப்ட். நம் ஓட்டுநர்களில் பலர் முதலாவதை மட்டுமே தொடுகிறார்கள். கொத்துக் கலப்பை போட்டு உழும்போது இரண்டாவதைப் பழகினால், கியர் மாற்றிக் கிடைக்கும் என்று எதிர்பார்த்த இழுவையில் ஒரு பகுதி சும்மா கிடைத்துவிடும். டிரெய்லருக்கு இது உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கலப்பையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். நடுத்தர மண்ணில் ஒரு கொத்துக்கு 60 கிலோ இழுவை என்று வைத்தால் ஐந்து கொத்தோடு நம் வண்டியின் 300 கிலோ தீர்ந்துபோகிறது. பக்கத்துக் காட்டுக்காரரின் 45 எச்.பி. வண்டியைப் பார்த்து ஒன்பது கொத்து மாட்டினால் வண்டியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்தில் மன்சுக்பாய் ஜகானி 1990-களில் புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு சக்கர அச்சையும் கருவிச் சட்டத்தையும் பொருத்தி ‘புல்லட் சாந்தி’ செய்தார். அவருடைய புத்திசாலித்தனமாக நான் கருதுவது மோட்டார் சைக்கிளை டிராக்டராக்கியதை மட்டுமல்ல. விதைப்பு, களையெடுப்பு என்று அந்த வண்டியால் முடிந்த வேலைகளோடு நிறுத்திக்கொண்டார். ஆழ உழவுக்கு அதை அனுப்பவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, கியர் மாற்றம் எங்கேயும் தேவையில்லை என்று முடித்துவிட்டால் அது பொய்யாகும். தேவை இருக்கிறது, இழுவைக்காக அல்ல, நிதானத்துக்காக.

உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் சின்ன டிராக்டர்கள் பெருகியதற்கு முதல் காரணம் தென்னை. 25 அடி இடைவெளியில் நிற்கும் மரங்களுக்கு நடுவே பெரிய வண்டி திரும்பாது, மட்டையில் இடிக்கும். இந்தச் சின்ன வண்டிகள் தோப்புக்குள் செய்யும் வேலையில் பெரும்பங்கு ரொட்டவேட்டர் ஓட்டுவது. ரொட்டவேட்டரை இழுக்கவே தேவையில்லை. அதன் கத்திகள் டயர் சுற்றும் திசையிலேயே சுற்றி மண்ணை வெட்டிப் பின்னால் தள்ளுவதால் அது வண்டியை முன்னால் உந்துகிறது. அங்கே இஞ்சினின் சக்தி பி.டி.ஓ. என்ற பின்பக்கச் சுழல்தண்டு வழியாகக் கத்திக்குப் போகிறது. பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று குறையாமல் ஓட வேண்டும். வண்டியோ மெல்ல ஊர வேண்டும். இறுகிய செம்மண்ணில் லோ முதல் கியரும் வேகமாகத் தெரிந்தால், கட்டி உடையாமல் பெரிது பெரிதாகத் தெறித்தால், அங்கேதான் க்ரீப்பர் கியர் என்ற ஊரும் கியருக்கு வேலை இருக்கிறது. குழாய் பதிக்கக் கால்வாய் தோண்டும் கருவி, நாற்று நடும் கருவி இவற்றுக்கும் அப்படியே. சில கம்பெனிகள் சில மாடல்களில் இதைத் தாங்களே தருகின்றன. வாங்கும்போதே கேட்டு வாங்குவது ஒரு வழி. பின்னால் வெட்டி ஒட்டுவது வேறொரு வழி.

வெட்டி ஒட்டத்தான் போகிறோம் என்றால், வரிசையில் எந்த இடத்தில் கை வைப்பது என்பதே முக்கியம். ஊர்ப் பட்டறைக்கு எளிது, இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே பழைய ஜீப்பின் கியர்பாக்ஸ் ஒன்றைச் செருகுவது. பெல் ஹவுசிங்குக்கு ஒரு தட்டு, ஒரு ஷாஃப்ட், கொஞ்சம் வெல்டிங்; முடிந்தது. ஆனால் அங்கே முறுக்கை மூன்று மடங்காக்கினால் அதற்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஷாஃப்ட்டும், ஒவ்வொரு பேரிங்கும், கிரவுனும் பினியனும், அச்சும் மூன்று மடங்கைத் தாங்க வேண்டும். கம்பெனிக்காரர் அவற்றை ஒரு மடங்குக்கு, கொஞ்சம் பாதுகாப்பு சேர்த்து, கணக்குப் போட்டவர். டயர் சறுக்கிக்கொண்டிருக்கும் வரை ஆபத்தில்லை. சறுக்கல்தான் அந்த வண்டியின் ஃப்யூஸ். எடையும் ஏற்றி, கேஜ் வீலும் மாட்டி, கியரையும் தாழ்த்தினால் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டுக் கம்பி சுற்றி வைத்தது போல. உடையப்போவது எது என்பதற்குச் சோதிடம் வேண்டாம். பினியன் பல், அல்லது அச்சு.

பொறியியல்படி சரியான இடம் கடைசி முனை, சக்கரத்துக்கு ஒட்டி. அங்கே பெருக்கினால் முன்னால் உள்ள உறுப்புகளுக்குச் சுமை கூடாது. பெரிய வண்டிகளில் வரும் பிளானட்டரி ஹப் இந்த யுக்திதான். நடுவில் ஒரு சின்னப் பல்சக்கரம், சுற்றிலும் மூன்று துணைச் சக்கரங்கள், வெளியே ஒரு பல் வளையம்; சுமை மூன்று இடங்களில் பிரிந்து விழுகிறது. ஆனால் அந்த ஹவுசிங்கை வார்த்து, கடைந்து, அச்சுக் கோடு பிசகாமல் பொருத்துவது ரோட்டோரப் பட்டறையால் ஆகிற காரியமல்ல. செய்ய எளிதான இடம் தவறான இடம். சரியான இடம் எட்டாத இடம். இந்த முரணை யாரும் விலைப்பட்டியலில் எழுதி வைப்பதில்லை.

கோவைக்கு எழுபது கிலோமீட்டரில் இருப்பதால் நமக்கு ஒரு தைரியம் உண்டு. பல்சக்கரம் வெட்டுவதில் சாந்தி கியர்ஸ் போன்ற பெரிய பெயர்களும், சந்துக்குச் சந்து ஹாபிங் மெஷின்களும் உள்ள ஊர் அது. உடைந்த பல்லைக் கொண்டுபோய்க் காட்டினால் அதே மாதிரி வெட்டித் தந்துவிடுவார்கள். அளவு அச்சாக வரும். உயிர் வருமா என்பதே கேள்வி. டிராக்டர் பல்சக்கரம் குறைந்த கார்பன் உள்ள கலப்பு எஃகில் வெட்டப்பட்டு, பிறகு கார்பன் ஏற்றிப் பதமிடப்படுவது. வெளித்தோல் கண்ணாடி போல் கெட்டி, உள்ளே அடியை வாங்கிக்கொள்ளும் இளக்கம். அவசரத்துக்குச் சாதாரண ஷாஃப்ட் இரும்பில் வெட்டிப் போட்டால் ஒரு உழவுப் பருவத்தில் பல் முகம் உரிந்து, எண்ணெயில் இரும்புப் பொடி மின்னும். அந்த எண்ணெய்தான் பல வண்டிகளில் ஹைட்ராலிக்குக்கும் போகிறது. ஆக, கெடுவது பல்லோடு நிற்காது.

நாலு சக்கர ஓட்டம் உள்ள வண்டி இந்தத் தொல்லைகளில் பாதியைத் தீர்த்துவிடுகிறது. எடை முழுவதும் இழுவைக்கு உதவுவதால், நம் 850 கிலோ வண்டி பொலபொலப்பான மண்ணில் 300-க்குப் பதில் 420 கிலோ வரை இழுக்கும். கியரில் ஒரு பல்லும் மாற்றாமல் கிடைக்கும் இந்தக் கூடுதல் எந்தப் பட்டறை வேலையாலும் வராது. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. முன்சக்கரமும் பின்சக்கரமும் அளவில் வேறு. முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட 1 முதல் 5 சதவீதம் வேகமாகத் தரையைக் கடக்கும்படி உள்ளே கியர் விகிதம் வைத்திருப்பார்கள். பின்னால் மட்டும் ஒரு சைஸ் பெரிய டயர் போட்டால் அந்தக் கணக்கு தலைகீழாகும். முன்சக்கரம் இழுப்பதை விட்டுவிட்டுப் பின்சக்கரத்துக்குப் பிரேக் போடும். ஈர மண்ணில் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும். தார் ரோட்டில் நாலு சக்கர லீவரை எடுக்காமல் ஓட்டினால் உள்ளே முறுக்கு ஏறிக்கொண்டே போய் எங்காவது ஒரு பல்லில் வெடிக்கும்.

அமெரிக்காவில் புல் வெட்டும் சின்ன டிராக்டர்களைக் கூட மாற்றிக் கட்டிப் பந்தயத்தில் சுமை இழுக்க விடுகிறார்கள். போகப் போகச் சுமை கனக்கும்படி, எடைப் பெட்டி தானே முன்னால் நகரும் சறுக்குப் பலகை அங்கே உண்டு. அந்தப் பந்தயக்காரர்களில் பலர் கியரை மாற்றுவது மெதுவாகப் போக அல்ல, வேகமாகப் போக. இழுவிசை மிதமிஞ்சிக் கிடக்கிறது, சக்கர வேகம்தான் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. எடையை முன்மூக்கில் தொங்கவிட்டு வண்டி எழும்பாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பஞ்சாபில் இரண்டு டிராக்டர்களை முதுகோடு முதுகு கட்டி இழுக்கவிடும் ‘தோச்சன்’ உண்டு. நமக்கு ரேக்ளா போதும்.

வண்டி எழும்புவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வேர்வாடல் நோய் தாக்கி பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைகளை வெட்டிச் சாய்க்கும் காலம் இது. அடிக்கட்டையைச் சங்கிலி போட்டு டிராக்டரால் பிடுங்கப் பார்க்கிறார்கள். சங்கிலியைக் கீழே உள்ள டிராபாரில் மாட்டாமல், உயரம் வசதியாக இருக்கிறதென்று மேல்கை மாட்டும் இடத்திலோ அச்சின் மேலோ கட்டினால், கட்டை அசையாதபோது சக்கரம் நின்றுவிடும், வண்டியின் உடம்பு அச்சைச் சுற்றி எழும்பும். மல்லாந்து விழ இரண்டு விநாடி கூட ஆகாது. கிளட்சை மிதிக்க வேண்டும் என்று மூளைக்கு எட்டுவதற்குள் முடிந்துவிடும். கியரைத் தாழ்த்திய வண்டியில் இந்த ஆபத்து கூடுகிறது. இஞ்சின் அணைந்து காப்பாற்றும் வாய்ப்பும் அங்கே இல்லை. கட்டை பிடுங்க ஜே.சி.பி.யை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுப்பதே நல்லது. எப்போதாவது வரும் கனமான உழவுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைச் சேவை இருக்கிறது.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் ஹவுசிங்கில் உள்ள வெல்டிங்கைத்தான் முதலில் பார்ப்பார்.

பட்டறைக்கு வந்த தோப்புக்காரரை விட்டுவிட்டேன். மெக்கானிக் இரண்டாவது கேள்வி கேட்டார்: “லோடு எங்கீங்க ஏத்துனீங்க?” எல்லாம் பின்பக்கம். இறக்க வசதியாக இருக்கும் என்று மூட்டைகளைப் பின்கதவை ஒட்டி அடுக்கியிருந்தார். டிரெய்லரோ இரண்டு சக்கரம். டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து 2 டன். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் அதற்கு 200 கிலோ, மண் ரோட்டில் உருள்வதற்கு 120 கிலோ, டிராக்டர் தன்னையே மேலே ஏற்றிக்கொள்ள 85 கிலோ; ஆக 405. சரளை மண்ணில் அந்த டயர் பிடிப்பதோ 360-க்கு அருகில். நாற்பது, ஐம்பது கிலோதான் குறை. அதற்காக அவர் இன்னொரு கியர்பாக்ஸ் கேட்டார்.

மறுநாள் மூட்டைகளை முன்பக்கம் நகர்த்தி, டிரெய்லரின் மூக்கு டிராக்டரின் கொக்கியில் 100 கிலோ அழுத்தும்படி அடுக்கினார்கள். முன்சக்கரம் லேசாகிவிடாமல் இருக்க முன்னால் இரண்டு இரும்புத் தட்டு. பின்டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினார்கள். லோ இரண்டாவது கியர். பாலத்து ஏற்றத்தில் டயர் ஒரு முறை சறுக்கி, பிறகு பிடித்துக்கொண்டது. உச்சியில் அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அந்தப் பக்கம் இறக்கம். 2 டன் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள, 850 கிலோ வண்டி குறுக்கே இழுபடாமல் இருக்கக் கிளட்சைத் தொடாமல் இஞ்சினைப் பிடித்தபடி இறங்கினார். டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது. அதைப் பற்றிப் பட்டறையில் அவர் எதுவும் கேட்டிருக்கவில்லை.